ஜூன் 24-ஐ ஒட்டிப் பறித்துவிடுங்கள்: பச்சை வால்நட்டில் நொச்சீனோ செய்ய முழுமையான வழிகாட்டி

மாவடு போடுகிறவர்களுக்கு ஒரு கணக்குத் தெரியும். கொட்டை கட்டுவதற்குள் பறித்துவிட வேண்டும். பத்து நாள் தாமதித்தால் அது வடு அல்ல, வெறும் மாங்காய். வட இத்தாலியில் மோதெனா நகரைச் சுற்றியுள்ள ஊர்களில் வால்நட் மரத்துக்கும் இதே கணக்குத்தான். ஓடு கட்டாத பச்சைக் காயை ஜூன் மாதத்தில் பறித்து, நான்காக வெட்டி, சர்க்கரையிலும் ஆல்கஹாலிலும் ஊறவைத்து, அடுத்த ஆண்டு கிறிஸ்துமஸ் வரை பொறுத்திருந்து குடிக்கும் கருநிற இனிப்பு மதுவுக்கு நொச்சீனோ என்று பெயர். நோச்சே என்றால் வால்நட். நம் மளிகைக் கடைகளில் அக்ரூட் என்று கேட்டாலும் கொடுப்பார்கள்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் எதிர்வீட்டு மூதாட்டி. தெருவே அவரை நோன்னா, அதாவது பாட்டி என்றுதான் கூப்பிடும், நானும் அப்படியே. அளவுக் கரண்டி இல்லாத வீடு அவருடையது. இங்கே தரும் அளவுகள் அந்தப் பகுதியில் ஒப்புக்கொள்ளப்பட்ட அளவுகள். சின்னச் சின்னப் பிடிவாதங்கள் மட்டும் அவருடையவை.

குடும்பங்கள் எதைக் காப்பாற்றின

இத்தாலியில் ஒரு லிக்யூரின், அதாவது மணமூட்டிய இனிப்பு மதுவின், பெயரைச் சொன்னால் பாதி நேரம் ஒரு குடும்பத்தின் பெயரைச் சொல்கிறோம். மிலானில் 1845-இல் பெர்னார்தினோ பிராங்கா தொடங்கிய ஃபெர்னெத்-பிராங்கா இன்றும் அதே குடும்பத்தின் கையில் இருக்கிறது. அதில் 27 மூலிகைகள் என்பார்கள். எது எவ்வளவு என்பதை வெளியே சொல்லமாட்டார்கள். தெற்கே பெனெவெந்தோவில் 1860-இல் ஜுசெப்பே ஆல்பெர்த்தி தொடங்கியது ஸ்த்ரேகா. சொல்லுக்குப் பொருள் சூனியக்காரி. அந்த ஊரின் ஒரு பழைய வால்நட் மரத்தடியில் சூனியக்காரிகள் இரவில் கூடி ஆடினார்கள் என்ற கதையிலிருந்து எடுத்த பெயர். மதுவின் மஞ்சள் நிறம் குங்குமப்பூ தந்தது. இத்தாலியின் புகழ்பெற்ற இலக்கியப் பரிசான ஸ்த்ரேகா பரிசு 1947 முதல் இந்த மதுவின் பெயரிலேயே வழங்கப்படுகிறது. மதுபாட்டிலின் பெயரில் நாவலுக்குப் பரிசு கொடுப்பதை அங்கே யாரும் விநோதமாக நினைப்பதில்லை.

இந்தக் கதைகளையெல்லாம் கேட்டால் ரகசியச் செய்முறைதான் குடும்பத்தின் சொத்து என்று தோன்றும். லுக்சார்தோ குடும்பத்தின் கதையைக் கேட்ட பிறகு எனக்கு அந்த எண்ணம் மாறிவிட்டது.

1821-இல் ஜிரோலாமோ லுக்சார்தோ, அத்ரியாட்டிக் கடற்கரையின் ஸாரா நகரில் மது வடிக்கும் ஆலை ஒன்றைத் தொடங்கினார். அந்த ஊர் இன்று குரோவேஷியாவின் ஸாதர். அவருடைய மனைவி மரியா கனேவாரி வீட்டில் செய்துவந்த செர்ரி மதுதான் தொழிலுக்கு விதை. மராஸ்கா என்ற சிறிய, புளிப்பான செர்ரியிலிருந்து வடிப்பதால் மராஸ்கீனோ. நான்கு தலைமுறை செழித்தது. இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் குண்டுவீச்சில் ஆலை அழிந்தது. குடும்பத்தில் சிலர் கொல்லப்பட்டார்கள். எஞ்சி வந்த ஜோர்ஜோ லுக்சார்தோ 1947-இல் பாதுவா அருகே தொரெல்யா என்ற சிற்றூரில் மறுபடியும் தொடங்கினார். செய்முறை தெரிந்திருந்து என்ன, மராஸ்கா மரம் எல்லைக்கு அப்பால் அல்லவா நின்றது? நல்ல வேளையாக, ஃபுளோரன்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் அலெஸ்ஸாந்த்ரோ மொரெத்தீனி போருக்கு முன்பே ஆய்வுக்காக மராஸ்கா கன்றுகளைக் கொண்டுவந்து வளர்த்திருந்தார். அவற்றைப் பெருக்கித்தான் தொரெல்யாவைச் சுற்றித் தோப்பு எழுந்தது. ஆலையும் அதன் பின்னால் எழுந்தது.

நொச்சீனோவில் ரகசியமே கிடையாது. மோதெனா மாவட்டத்தின் ஸ்பிலம்பெர்த்தோ ஊரில் 1978-இல் பெண்கள் சிலர் கூடி ‘ஓர்தினே தெல் நொச்சீனோ மொதெனேஸே’ என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். வீட்டுக்கு வீடு மாறுபட்ட செய்முறைகளை ஒப்பிட்டு, ஒரு நியம அளவை எழுதி, ஊரறிய வைத்துவிட்டார்கள். ஆண்டுதோறும் போட்டியும் நடக்கிறது. எல்லாரிடமும் ஒரே செய்முறை. ஆனாலும் ஒரு வீட்டு மது இன்னொரு வீட்டு மதுவைப் போல இருப்பதில்லை. காயும், பறித்த நாளும், பொறுமையும்தான் வித்தியாசம்.

தேவையானவை

மருந்து தெளிக்காத பச்சை வால்நட் காய்கள் ஒரு கிலோ. அளவைப் பொறுத்து 33 முதல் 35 காய் வரும். 95 சதவீத உணவுத்தர ஆல்கஹால் ஒரு லிட்டர். சர்க்கரை 700 முதல் 900 கிராம்; நான் 800 போடுகிறேன். இலவங்கப்பட்டை விரல் நீளத்தில் ஒரு துண்டு, கிராம்பு நான்கைந்து. இவை இரண்டும் கட்டாயமில்லை. அகன்ற வாயுள்ள மூன்று லிட்டர் கண்ணாடி ஜாடி. ரப்பர் கையுறை, இது கட்டாயம்.

படி 1: ஆல்கஹாலைச் சரியாக வாங்குங்கள்

இத்தாலியக் கடையில் இரண்டு ஆல்கஹால் பாட்டில்கள் கிடைக்கும். மதுபான வரிசையில் நிறமற்று இருப்பது லிக்யூர் செய்வதற்கானது. துப்புரவுப் பொருள் அலமாரியில் ரோஜா நிறத்தில் இருப்பது தரை துடைக்க. அது குடிக்க முடியாதபடி வேண்டுமென்றே கெடுக்கப்பட்டது. விலை மலிவு என்று அதன் பக்கம் திரும்பவே வேண்டாம். மருந்துக்கடை ஸ்பிரிட்டும், எங்கிருந்து வந்தது என்று தெரியாத எரிசாராயமும் அதே கணக்குத்தான். மெத்தனால் என்ன செய்யும் என்பதை 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் பார்த்தோம்.

தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்கள் இதை அறிவதற்காக மட்டும் படியுங்கள்; உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது அங்கே குற்றம். மற்ற நாடுகளில் இருப்பவர்கள் உங்கள் ஊர்ச் சட்டத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே நாம் காய்ச்சப்போவதில்லை, வடிக்கப்போவதில்லை. கடையில் வாங்கிய ஆல்கஹாலில் காயை ஊறவைக்கிறோம், அவ்வளவே. நம் செய்தித்தாள்களில் போலீசார் கொட்டி அழிக்கும் ‘ஊறல்’ வேறு சமாச்சாரம்.

இன்னொன்று: 95 சதவீத ஆல்கஹால் சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்பு எரியும்போது பாட்டிலைத் திறக்காதீர்கள்.

படி 2: காயைப் பறிக்கும் நாள்

மரபுப்படி நாள் ஜூன் 24, புனித யோவான் திருநாள். அதற்கு முந்தைய இரவில், பனி படிந்திருக்கும்போது, பெண்கள் வெறுங்காலோடு மரமேறிக் கையால் பறிக்க வேண்டும், காயில் இரும்பு படக் கூடாது, எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும் என்றெல்லாம் சொல்வார்கள். இதில் கையால் பறிப்பது மட்டும் நியாயமான விதி: தடியால் அடித்து உதிர்த்தால் தோல் அடிபட்டு அந்த இடம் கறுத்து அழுகும். ஒற்றைப்படை விஷயத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. என்றாலும் 33 காய்தான் போடுகிறேன். மொய்க் கவரில் ஒரு ரூபாய் சேர்க்கிறவர்களுக்கு இது புரியும்.

தேதியைவிடக் காயை நம்புங்கள். வெப்பமான ஆண்டில் ஜூன் நடுவிலேயே தயாராகிவிடும். மலைப்பக்கம் ஜூலை முதல் வாரம்கூட ஆகலாம். சோதனை எளிது: ஒரு தையல் ஊசியைக் காயின் நடுவில் குத்துங்கள். எங்கும் தட்டாமல் மறுபக்கம் வரை போனால் சரி. நடுவில் ‘டொக்’ என்று நின்றால் ஓடு கட்டத் தொடங்கிவிட்டது. அந்த மரத்தை அடுத்த ஆண்டுதான் பார்க்க வேண்டும். வெட்டிப் பார்த்தால் உள்ளே பருப்பு இருக்காது, கண்ணாடி போன்ற கூழ்தான் இருக்கும். மாவடுவின் இளங்கொட்டை போலவே.

கரும்புள்ளி விழுந்த காய்களை ஈவு இரக்கமில்லாமல் ஒதுக்குங்கள். நல்ல காயைக் கழுவி, துணியால் ஒற்றி, ஈரம் போக உலரவிடுங்கள். பறித்த அன்றே வேலையை முடிப்பது நல்லது.

படி 3: வெட்டுதல்

கையுறை போட்டுக்கொண்டீர்களா? முதல் ஆண்டில் நான் போடவில்லை. வெட்டும்போது சாறு தெளிந்த நீர் போலத்தான் இருந்தது. அரை மணி நேரத்தில் விரல் நுனி மஞ்சளானது, மாலையில் பழுப்பு, மறுநாள் கரி. சோப்பு, எலுமிச்சை, நல்லெண்ணெய் எதற்கும் அசையவில்லை. மூன்று வாரம் நகக்கண் கறுப்போடு திரிந்தேன். பைக் ரிப்பேர் கற்றுக்கொள்கிறீர்களா என்று அலுவலகத்தில் கேட்டார்கள். சமையலறைப் பளிங்கு மேடையில் விழுந்த ஒரு சொட்டு இன்னும் அப்படியே இருக்கிறது.

இதற்குக் காரணம் பச்சைத் தோலில் உள்ள ஜுக்லோன் என்ற பொருள். மருதாணி இலையில் சாயம் தரும் லாஸோனும் இதுவும் ஒரே மூலக்கூறு வாய்பாடு கொண்ட உடன்பிறப்புகள். ஒரே ஒரு ஆக்சிஜன் தொகுதி உட்கார்ந்திருக்கும் இடம்தான் வேறு. மருதாணி சிவக்கும், வால்நட் கறுக்கும். துணிக்கும் தலைமுடிக்கும் சாயமிட இந்தத் தோலைப் பழங்காலத்திலிருந்தே பயன்படுத்தி வந்திருக்கிறார்கள்.

ஒவ்வொரு காயையும் நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். பொடியாக நறுக்க வேண்டாம். துவர்ப்பு அதிகமாக இறங்கும், பின்னால் வடிகட்டுவதும் பெரும்பாடு. பழைய ஆட்கள் மரக்கத்திதான் என்பார்கள். நான் துருப்பிடிக்காத எஃகுக் கத்தியில் வெட்டுகிறேன், ஒரு குறையும் இல்லை.

படி 4: சர்க்கரையோடு வெயிலில்

வெட்டிய துண்டுகளையும் சர்க்கரையையும் ஜாடியில் அடுக்கடுக்காகப் போட்டு, மூடியை இறுக்காமல் வைத்து, ஒன்று அல்லது இரண்டு நாள் வெயிலில் வையுங்கள். அவ்வப்போது மரக்கரண்டியால் கிளறுங்கள்.

முழு வேலையிலும் எனக்குப் பிடித்த கட்டம் இதுதான். காலையில் வெள்ளைச் சர்க்கரையில் பச்சைத் துண்டுகள். மதியத்துக்குள் அடியில் விரற்கடை உயரம் சாறு ஊறியிருக்கும், தேநீர் நிறத்தில். மறுநாள் காலை மூடியைத் திறந்தால் துண்டுகள் சுருங்கி, சர்க்கரை பெரும்பாலும் கரைந்து, நல்லெண்ணெய் போல் கனத்த கரும்பழுப்புப் பாகு நிற்கும். மணம் முதலில் மாங்காய்ப் பால் போலக் குத்தும். பிறகு பச்சை இலையைக் கசக்கிய வாசம், அதற்கு அடியில் ஏதோ மருந்து நெடி. உப்புப் போட்ட மாவடு நீர் விடுவதும் இதுவும் ஒன்றுதான். அங்கே உப்பு இழுக்கிறது, இங்கே சர்க்கரை.

இரண்டு நாளுக்கு மேல் விடாதீர்கள். சர்க்கரை நீரும் வெயிலும் சேர்ந்தால் புளிக்கத் தொடங்கும். குமிழி கண்டால் உடனே அடுத்த படிக்குப் போங்கள்.

படி 5: ஆல்கஹால், மசாலா

ஒரு லிட்டரையும் ஊற்றுங்கள். துண்டுகள் முழுக மூழ்கியிருக்க வேண்டும். பட்டையும் கிராம்பும் போடுவதானால் இப்போது. இதில் கை நீளமாவது நம்மவர்களின் குணம். பிரியாணிக்குப் போடுவது போல் அள்ளிப் போட்டால் கடைசியில் கிராம்புத் தைலத்தைத்தான் குடிப்பீர்கள். ஏலக்காயும் அன்னாசிப்பூவும் சேர்த்தால் என்ன என்று ஒருமுறை நோன்னாவிடம் கேட்டேன். “அதுவும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அதற்கு வேறு பெயர் வைத்துக்கொள்” என்றார்.

காயில் பெரும்பகுதி நீர் என்பதால் தனியாகத் தண்ணீர் சேர்க்க வேண்டாம். 95 சதவீத ஆல்கஹால் காயின் நீரோடும் சர்க்கரையோடும் கலந்து, முடிவில் ஏறத்தாழ 40 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி நொச்சீனோவில் குறைந்தது 30 சதவீதம் ஆல்கஹாலும், லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரையும் இருக்க வேண்டும். வீட்டு நொச்சீனோ இரண்டு கோட்டையும் தாராளமாகத் தாண்டிவிடும்.

படி 6: அறுபது நாள்

ஜாடியை இறுக மூடி, பாதி வெயில் படும் இடத்தில் வையுங்கள். பால்கனி ஓரம் போதும். வாரத்துக்கு இரண்டு முறை திறந்து கிளறி மூடுங்கள். உள்ளே போகும் காற்றும் நிறத்துக்கு உதவுகிறது. முதல் வாரம் பாசிப் பச்சை, பிறகு பழுப்பு, மாதக் கடைசியில் கறுப்பு. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் விளிம்பில் மட்டும் பச்சை கலந்த பழுப்பு தெரியும். குறைந்தது 60 நாள். ஆகஸ்ட் இறுதிக்கு முன் வடிகட்டாதீர்கள்.

படி 7: வடிகட்டுதல்

முதலில் பெரிய சல்லடை, பிறகு மெல்லிய பருத்தித் துணி. துணியை முறுக்கிப் பிழியாதீர்கள். அடியில் நிற்கும் கசப்பும் கசடும் கூடவே வந்துவிடும். சொட்டுச் சொட்டாக இறங்கட்டும், இரவு முழுவதும் ஆனாலும் சரி. ஒன்றரை லிட்டருக்குச் சற்றுக் கூடவோ குறையவோ கிடைக்கும்.

மிஞ்சிய துண்டுகளை எறிய வேண்டாம். அவற்றில் இன்னும் ஆல்கஹாலும் இனிப்பும் இருக்கிறது. மூழ்கும் அளவு வெள்ளை ஒயின் ஊற்றி ஒரு மாதம் வைத்து வடித்தால் இலேசான இரண்டாம் மது கிடைக்கும். தேங்காயில் இரண்டாம் பால் எடுத்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

படி 8: மறந்துவிடுதல்

கருநிறக் கண்ணாடிப் பாட்டிலில் நிரப்பி, ஆண்டை எழுதி ஒட்டி, இருட்டில் வையுங்கள். வசதி இருப்பவர்கள் ஓக் அல்லது செஸ்ட்நட் மரத்தாலான சிறு பீப்பாயில் வைப்பார்கள். குறைந்தது 12 மாதம்.

ஆவல் தாங்காமல் செப்டம்பரில் ஒரு கரண்டி குடித்துப் பார்ப்பீர்கள், எல்லாரும் செய்வதுதான். கடுக்காயைக் கடித்தது போல் நாக்கை இழுத்துப் பிடிக்கும். கெட்டுப்போய்விட்டதோ என்று பயப்பட வேண்டாம். துவர்ப்புத் தரும் டானின்கள் மெல்ல ஒன்றோடொன்று பிணைந்து அடங்கக் காலம் பிடிக்கும். மறு ஆண்டு கிறிஸ்துமஸில் அதே பாட்டிலைத் திறந்தால் காப்பி, கருப்பட்டி, உலர்திராட்சை எல்லாம் கலந்த மணம் வரும். துவர்ப்பு தொண்டையில் ஒரு வால் போல மட்டும் நிற்கும். அடியில் மண்டி தங்கியிருந்தால் அசைக்காமல் தெளிவை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். தெளிந்த மதுவுக்குத் தேறல் என்று பேர் வைத்த மொழி நம்முடையது.

இது சாப்பாட்டுக்குப் பிறகு குடிப்பது, சிறு கோப்பையில் 40 மில்லி. ஐஸ் போடாதீர்கள், ஃப்ரீசரில் வைக்காதீர்கள்; குளிரில் மணம் செத்துவிடும். வெனிலா ஐஸ்கிரீம் மீது ஒரு கரண்டி ஊற்றிச் சாப்பிடுவது எனக்கு அதைவிடப் பிடிக்கும். வால்நட், பாதாம் வகை ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் கொடுக்கவே கூடாது.

மரம் இல்லாதவர்களுக்கு

பச்சை வால்நட் கிடைக்காதவர்கள் தெற்கு இத்தாலியின் லிமோன்செல்லோவைச் செய்து பார்க்கலாம். இது இரண்டு மாதத்துக்குள் முடிந்துவிடும். மெழுகு பூசாத, தோல் தடித்த எலுமிச்சை எட்டுப் பத்து வேண்டும். நம் ஊர் மெல்லிய தோல் எலுமிச்சை அல்ல. சொரெந்தோ, அமால்ஃபி பக்கம் விளையும் பெரிய பழம். மஞ்சள் தோலை மட்டும் மெல்லியதாகச் சீவுங்கள். அடியிலுள்ள வெள்ளைச் சதை வந்தால் கசக்கும். ஒரு லிட்டர் 95 சதவீத ஆல்கஹாலில் இருட்டில் இரண்டு முதல் நான்கு வாரம் ஊறட்டும். தோல் வெளுத்து, ஒடித்தால் அப்பளம் போல் முறியும்போது வேலை முடிந்தது.

ஒன்றேகால் லிட்டர் நீரில் 600 கிராம் சர்க்கரையைக் கரைத்துச் சூடாக்கி, முழுக்க ஆறவிட்டு, வடிகட்டிய ஆல்கஹாலில் சேருங்கள். கணக்கு இது: 600 கிராம் சர்க்கரை கரைந்தபின் ஏறத்தாழ 370 மில்லி இடம் பிடிக்கும். மொத்தம் 2.62 லிட்டர், அதில் தூய ஆல்கஹால் 950 மில்லி. அதாவது சுமார் 36 சதவீதம். இலேசாக வேண்டுமானால் நீர் ஒன்றரை லிட்டர், சர்க்கரை 700 கிராம். 32 சதவீதத்துக்கு இறங்கும். பாகு சேர்ந்த நொடியில் தெளிந்த மஞ்சள் திரவம் மோர் கலந்தது போலக் கலங்கும். தோலின் எண்ணெய் நீரில் கரையாமல் நுண்துளிகளாகப் பிரிவதால் வரும் கலக்கம் அது; நல்ல அறிகுறி. ஒரு மாதம் வைத்து, நொச்சீனோவுக்கு நேர்மாறாக, ஃப்ரீசரில் உறைகுளிராக்கிக் குடியுங்கள்.

கடையில் வாங்குவதானால்

லேபிளில் குடும்பப் பெயர் இருந்தால் குடும்பம் நடத்துகிறது என்று பொருளில்லை. சிசிலியின் கால்தானிஸ்ஸெத்தாவில் 1868-இல் தொடங்கிய ஆவெர்னா என்ற மதுவை 2014-இல் கம்பாரி குழுமம் வாங்கிவிட்டது. மது கெட்டுவிட்டது என்று சொல்லவில்லை. நீங்கள் வாங்குவது யாரிடமிருந்து என்று தெரிந்திருக்கட்டும். பின்பக்கச் சிறு எழுத்தில் ‘புரொதோத்தோ எ இம்போத்தில்யாத்தோ த’ என்ற சொற்களுக்குப் பிறகு வரும் பெயரையும் ஊரையும் படியுங்கள். தயாரித்துப் பாட்டிலில் அடைத்தவர் அவர்தான்.

நொச்சீனோ வாங்கும்போது ‘இன்ஃபூஸோ தி நோச்சி’, அதாவது வால்நட் ஊறல், பொருள் பட்டியலில் முன்னால் இருக்க வேண்டும். ‘அரோமி’ என்ற வாசனைச் சேர்மமும் இ150 என்ற கேரமல் நிறமும் வரிசையாக வந்தால் அலமாரியிலேயே வைத்துவிட்டு வாருங்கள். பாட்டிலைச் சாய்த்துப் பாருங்கள்: கண்ணாடிச் சுவரில் வழியும் மெல்லிய படலத்தின் விளிம்பில் பச்சை தெரிந்தால் உள்ளே காய் ஊறியிருக்கிறது என்று நம்பலாம். நோன்னா கடையில் அப்படித்தான் பார்ப்பார்; பார்த்துவிட்டு, பெரும்பாலும் வாங்காமல் வீட்டுக்கு வந்துவிடுவார்.